சம்பவ இடம்: கிரிவலப் பாதை

கீழ்பென்னாத்தூர் சாலையிலிருந்து பிரிந்து, மல்லாட்டை என்று இங்கே சொல்கிற நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு கிலோமீட்டர் போனால் அந்த மின் நிலையம் வரும். உமி, மல்லாட்டைத் தோல், சவுக்கு மிலாறு என்று சுற்றுவட்டாரத்தில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எரித்துப் பத்து மெகாவாட் எடுக்கிறார்கள். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது புகைபோக்கி அல்ல, வாசலில் நிற்கும் பச்சைப் பலகை. 'விபத்தின்றி இன்றுடன்' என்று எழுதி, கீழே எண் தகடு மாட்ட மூன்று கொக்கிகள். காவலாளி தினமும் காலை ஆறு மணிக்கு, சாமிக்குப் பூ மாற்றுகிற பக்தியோடு தகட்டை மாற்றுவார். சித்திரை மாதம் பிறந்தபோது அதில் 985 தொங்கிக்கொண்டிருந்தது. ஆயிரமாவது நாளுக்காக நான்காவது கொக்கி ஒன்றும் வெல்டிங் வைத்தாயிற்று.

அந்த மாதம் வெல்டருக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று இந்தக் கொக்கி. மற்றது இரண்டாம் எண் ஹாப்பரின் கதவு. புகையிலிருந்து பிரித்தெடுக்கிற சாம்பல் வந்து சேருகிற, புனல் மாதிரியான பெரிய இரும்புத் தொட்டிதான் ஹாப்பர். அதன் அடிக்கதவின் தாழ்ப்பாள் போய், கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் பொறுப்பான அலுவலர் தமிழ்செல்வி இதைப் பற்றி மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்று முறையும் மேலாளர் சம்பந்தமூர்த்தி படித்துப் பார்த்து, "கரெக்டு" என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். கதவை மாற்ற நிலையத்தை இரண்டு நாள் நிறுத்த வேண்டும். கொக்கிக்கு எதையும் நிறுத்த வேண்டியதில்லை. அதனால் கொக்கி முதலில் முடிந்தது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஓராவது நாள், முற்பகல் பதினொன்றே காலுக்குக் கட்டுக்கம்பி விட்டுக்கொடுத்தது.

சூடான சாம்பல் தண்ணீர் மாதிரி ஓடும். கீழே நின்ற ஒப்பந்தத் தொழிலாளி வல்லரசு பின்னால் நகர்ந்தான். வலது கால் ஒரு நொடி தாமதமாக நகர்ந்தது. ஷூவின் வாய் வழியாகச் சாம்பல் உள்ளே இறங்கிவிட்டது. முதலுதவி அறையில் ஷூவைக் கழற்றியபோது கணுக்காலிலும் புறங்காலிலும் தோல் வழன்று வந்தது. உள்ளங்கால் மட்டும் பழுதில்லாமல் இருந்தது. நர்ஸ் கட்டுப் போட்டாள். கையோடு கணினியில், 'வல்லரசு, வலது கால், தீக்காயம், 11.20' என்று பதிந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அது. அந்தப் பதிவு அதே நொடியில் சென்னைத் தலைமை அலுவலகத்தின் திரையிலும் சிவப்பாக எரிய ஆரம்பித்தது.

டாக்டர் மூன்று வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார். வல்லரசு வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. உடம்பு சரியில்லை என்று இ.எஸ்.ஐ.யில் விடுப்புச் சம்பளம் கேட்க இந்த நாலு மாதம் போதாது. வேலையில் பட்ட காயம் என்றால் கதை வேறு. சேர்ந்த முதல் நாளே பட்டிருந்தாலும் உண்டு. அதற்கு நிலையம் ஒரு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். தமிழ்செல்வி அன்று மதியமே அதை எழுதி முடித்தாள். மேலாளர் கையெழுத்து இல்லாமல் அந்தத் தாள் வாசலைத் தாண்டாது.

சம்பந்தமூர்த்தி அர்ச்சகர் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்ய, இவர் இன்ஜினியரிங் படித்துக் கொதிகலனுக்குப் பூஜை செய்ய வந்துவிட்டார். சென்னையிலிருந்து வருகிற பெரிய அதிகாரிகளுக்கு வரிசையில் நிற்காமல் தரிசனம் செய்து வைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். தாளை வாங்கியவர் படிக்காமலே மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"தமிழ்செல்வி, நம்ம குரூப்புல ஆறு பிளான்ட். ஒண்ணாவது ஆயிரம் தொட்டிருக்கா?"

"இல்ல சார்."

"இன்னும் ஒம்போது நாள். ஒரே ஒம்போது நாள். அதுக்குள்ள இவனுக்கு எதுக்குக் கால் சுடணும்?"

"அவர் சுட்டுக்கலை சார். கதவு தொறந்துக்கிச்சு."

சம்பந்தமூர்த்தி ஜன்னல் வழியாகத் தூரத்தில் தெரிந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த ஊரில் யோசனை வேண்டுமென்றால் எல்லோரும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள்.

"அவன் வீடு எங்க?"

"அடி அண்ணாமலை."

"கிரிவலப் பாதையிலேயா?"

"பாதையிலேயேதான் சார். வாசப்படி எறங்கினா ரோடு."

"அப்ப முடிஞ்சுது." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நேத்து மத்தியானம் வேண்டுதல்னு வெறுங்காலோட கிரிவலம் போயிருக்கான். சித்திரை வெயில். தார் ரோடு. கால் பொரிஞ்சு போச்சு. இன்னிக்கு வேலைக்கு வந்த எடத்துல வலி தாங்காம நர்ஸைப் பார்த்திருக்கான். நாம மனிதாபிமானத்தோட கட்டுப் போட்டிருக்கோம்."

"சார், உள்ளங்கால்ல ஒண்ணுமே இல்ல. காயம் மேல இருக்கு. ரோடு எப்படி சார் காலுக்கு மேல வரும்?"

அவர் தயங்கவில்லை. "அப்ப அங்கப்பிரதட்சணம்னு போடுங்க. உருண்டிருக்கான்."

"வலது கால் மட்டுமா உருண்டுச்சு?"

"ஏம்மா, பக்தியில போய்க் குறுக்கு விசாரணை பண்ணலாமா?"

கடைசியில் உருள்வதைக் கைவிட்டு நடப்பதையே வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டார் என்பதே சரி, ஏனென்றால் தமிழ்செல்வி விசைப்பலகையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சம்பந்தமூர்த்தி தானே உட்கார்ந்து தட்டினார். சம்பவ இடம்: கிரிவலப் பாதை. மூல காரணம்: சாலையின் வெப்பம். அதற்கு மேல் கணினி நகரவில்லை. தலைமை அலுவலகம் செய்து கொடுத்த மென்பொருள் அது. எடுத்த நடவடிக்கை என்ன என்று எழுதாமல் எந்தக் காயத்தையும் ஆற விடாது. நடவடிக்கைக் கட்டம் திறக்க வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு கேள்வி: 'சம்பவ இடம் நிலையத்தின் பொறுப்பில் உள்ளதா?' அவர் 'இல்லை' என்றார். கட்டம் மூடிக்கொண்டது. இன்னொரு தரம் 'இல்லை' என்றார். திரை உறைந்தது.

"சனியன்," என்று சொல்லி 'ஆம்' தட்டினார். கட்டம் திறந்தது. 'தினமும் நண்பகலில் டேங்கர் மூலம் பாதையில் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கப்படும்' என்று எழுதினார். சென்னையில் சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

எழுதியதைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் ஆயிரமாவது நாள் சரிபார்க்கத் தணிக்கையாளர் வருவார். நிலையத்தில் டேங்கர் ஒன்றுதான் உண்டு. சாம்பல் கொட்டுகிற திடலில் தூசி பறக்காமல் இருக்க நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் அடிப்பதற்கென்று இருந்தது. சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனை அது. மறுநாள் அதே டேங்கர் முன்னால் ஒரு பேனரைக் கட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் புறப்பட்டது. 'பக்தர்களின் பாதம் காக்கும் பணியில்' என்று பெரிய எழுத்து; கீழே, கும்பிட்டபடி சம்பந்தமூர்த்தியின் படம். மூன்றாம் நாள் அது செய்தித்தாளிலும் வந்தது. பொரி கடைக்காரர்கள் டிரைவருக்கு மோர் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் தமிழ்செல்வி வல்லரசைப் பார்க்கப் போனாள். வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே, ஒரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வல்லரசு உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து காலில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தமூர்த்தி அனுப்பிய தேங்காய் மூடியும் விபூதிப் பொட்டலமும் அலமாரியில் இருந்தன.

"வாங்க மேடம்," என்றான் வல்லரசு, சங்கடமாகச் சிரித்து. "நான் ஒண்ணுமே சொல்லலை மேடம். ஊரே சொல்லுது. சாமிக்காகக் கால் சுட்டுக்கினவன்னு வந்து பார்த்துட்டுப் போறாங்க. ஒரு அம்மா வாழப்பழம் குடுத்துச்சு."

உள்ளே இருந்து அவன் மனைவி ஆதிலட்சுமி வந்தாள். வந்தவள் பக்கத்து வீட்டுக்காரர்களை ஒரு பார்வை பார்த்தாள்; அவர்கள் எழுந்து போனார்கள்.

"பன்னண்டு வருஷமா இந்த வூட்ல கீறோம் மேடம். இதுவரைக்கும் இந்தாளு ஒரு தரம் மலை சுத்துனது கெடயாது. பௌர்ணமிக்குக் கூட்டம் வந்தா, தூக்கம் கெடுதுன்னு ஜன்னலைச் சாத்துவாரு. இவருக்கு வேண்டுதலாம்!"

"நான் மனசுக்குள்ள சுத்துவேன்," என்றான் வல்லரசு.

"மனசுக்குள்ளயே சோறு துன்னு, போ." அவள் தமிழ்செல்வி பக்கம் திரும்பினாள். "மேஸ்திரி போன் பண்ணான். இவரு எடத்துக்கு வேற ஆள் போட்டுட்டானாம். இ.எஸ்.ஐ.யில கேட்டா, கம்பெனியில பட்ட காயம்னு பேப்பர் குடு, பணம் தர்றோம்ன்றாங்க. உங்க கம்பெனியில கேட்டா, ரோட்ல பட்டதுன்றாங்க. ரோட்டைப் போய்க் கேக்கட்டா நானு?"

"நான் எழுதி வெச்சிருக்கேன்மா. கையெழுத்துதான்..."

"நீங்க எழுதுறீங்க மேடம். எழுதிக்கினே இருக்கீங்க. அந்தக் கதவைப் பத்தியும் மூணு தபா எழுதுனீங்கன்னு இவரு சொன்னாரு."

வெளியே டேங்கர் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டோடு வந்து, வீட்டு வாசலை நன்றாக நனைத்துவிட்டுப் போனது. ஆதிலட்சுமி காயப் போட்டிருந்த மிளகாயும் நனைந்தது.

ஏழாம் நாள் காற்று திசை மாறியது. எட்டாம் நாள் காலையில், நிலையத்துக்குக் கிழக்கே கொல்லை வைத்திருக்கும் ரேணுகாம்பாள் தலையில் ஒரு கூடையோடு நேராக மேலாளர் அறைக்கு வந்துவிட்டாள். காவலாளி தடுத்துப் பார்த்தார். கூடையை மேசை மேல் வைத்தாள். பிடுங்கிக் காயப் போட்டிருந்த மல்லாட்டை. ஒவ்வொன்றும் சாம்பல் நிறத்தில், எலிக்குஞ்சு மாதிரி இருந்தது.

"இன்னா சார் இது? நேத்துலேந்து உங்க சாம்பல் அம்புட்டும் எங்க களத்துலதான் கொட்டுது. தண்ணி அடிக்கிற வண்டி எங்க?"

சம்பந்தமூர்த்தி புன்னகை மாறாமல், "என்னம்மா, அண்ணாமலையார் ஊர்ல இருந்துக்கிட்டுச் சாம்பலுக்குக் கோச்சுக்கலாமா?" என்றார்.

"நெத்திக்கு வேணும்னா நாங்களே கோயில்ல வாங்கிக்குவோம். மல்லாட்டைக்கு யாரு விபூதி வெக்கச் சொன்னது? யாவாரி இன்னா சொல்றான் தெரியுமா? கழுவிக் குடுன்றான். மல்லாட்டையைக் கழுவுனா மொளச்சுப் போவும், அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று சம்பந்தமூர்த்தி ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி ஆன்மிகப் பணியில் இருப்பதாகச் சொன்னார். "எங்க வயித்துல அடிச்சுட்டு இன்னா ஆன்மிகம்," என்று சொல்லி, கூடையை அங்கேயே வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆயிரமாவது நாள் காலையில் நான்கு கொக்கிகளிலும் தகடு தொங்கியது. மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். தணிக்கையாளர் கோதண்டராமன் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர். மாலையை வேண்டாம் என்றார், காபியை வேண்டாம் என்றார், சிறப்புத் தரிசனம் ஏற்பாடு ஆகியிருக்கிறது என்றதற்கு, "மலையை ரயில்லேர்ந்தே பார்த்துட்டேன்," என்றார். வெந்நீர் கேட்டு வாங்கிக்கொண்டு பதிவேடுகளோடு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் தாள் புரளும் சத்தம்தான்.

"இந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஓராவது நாள் விஷயம்," என்றார் கடைசியில். "சம்பவ இடம், கிரிவலப் பாதை. சரி. நிலையத்தின் பொறுப்பில் உள்ளதா? ஆம்."

"அது ஒரு ஃபார்மாலிட்டி சார்."

"உங்க பொறுப்புல இருக்கிற எடத்துல, உங்க தொழிலாளிக்குக் காயம். மூணு வாரம் வேலைக்கு வர முடியாது. இது விபத்துதானே?"

"சார், அது பொது ரோடு சார்! எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அப்ப ஏன் தெனம் தண்ணி ஊத்துறீங்க?"

கோதண்டராமன் டேங்கரின் குறிப்பேட்டை எடுத்தார்.

"ஒம்போது நாளா சாம்பல் திடலுக்குத் தண்ணி போகலை. இது தனியா ஒரு மீறல். திடலுக்கு மூணு வேளையும் அடிக்கணும். பாதைக்கும் அடிக்கணும், அது நீங்களா எழுதிக் குடுத்தது. மொத்தம் எவ்வளவு தூரம்?"

"பதினாலு கிலோமீட்டர் சார்," என்றாள் தமிழ்செல்வி.

"நீங்க நனைக்கிறது?"

"அடி அண்ணாமலையில ஐந்நூறு மீட்டர்."

"மீதி பதிமூணரை?" கோதண்டராமன் கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "பொறுப்புன்னு எடுத்துட்டா முழுசா எடுக்கணும் சார். அங்க போற வர்றவங்களுக்குக் கால் சுட்டா அதுவும் உங்க பதிவேட்டுல ஏறணும். தொழிலாளின்னு இல்ல, உங்க வளாகத்துக்குள்ள வர்ற பார்வையாளருக்கும் பொருந்தும்னு உங்க கொள்கையிலேயே இருக்கு. அடுத்த பௌர்ணமி எப்போ?"

"பத்து நாள்ல," என்று சம்பந்தமூர்த்தி சொன்ன குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. சித்ரா பௌர்ணமி. லட்சக்கணக்கான பார்வையாளர்கள், எல்லோரும் வெறுங்காலில்.

கோதண்டராமன் இன்னொரு டம்ளர் வெந்நீர் கேட்டு, கை கழுவ வெளியே போனார். அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மேசையில் ரேணுகாம்பாளின் கூடை அப்படியே இருந்தது. அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"தமிழ்செல்வி, எப்படியும் ஆயிரம் போச்சு. அதை விடுங்க," என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி. "விபத்துன்னே அனுப்பிடலாம். ஆனா எடம் ரோடாவே இருக்கட்டும். ஹாப்பர்னு போட்டா, கதவை மாத்துற வரைக்கும் ஓட்டாதேன்னு இந்தாளு சீல் வெச்சுட்டுப் போயிடுவான்."

இந்தப் பேச்சைத்தான் தமிழ்செல்வி ஒன்பது நாளாக மனசுக்குள் வேறு வேறு விதமாகப் பேசிப் பார்த்திருந்தாள். மனிதாபிமானம், சட்டம், அந்தக் குடும்பம் என்று பெரிய பெரிய வார்த்தைகள் அதில் இருந்தன. பத்மாசனம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"சார், ரோடுன்னு போட்டா ரோட்டைச் சரி பண்ணணும். பதினாலு கிலோமீட்டர். தெனம் மத்தியானம். அடுத்த வருஷம் சித்திரை, அதுக்கு அடுத்த வருஷம் சித்திரை. நீங்க ரிட்டயர் ஆன அப்புறமும் வண்டி ஓடணும். கதவுன்னு போட்டா..."

"போட்டா?"

"ஒரு கதவு. ரெண்டு நாள்."

சம்பந்தமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ஸ்லோகம் சொல்கிறாரோ என்று அவள் நினைத்தாள், அவர் பதினான்கு கிலோமீட்டரை ஐந்நூறு மீட்டரால் வகுத்துக்கொண்டிருந்தார்.

"எது ஜாஸ்தி, எது கம்மின்னு நீங்களே பாருங்க சார்," என்றாள்.

"கதவுன்னே போடுங்க," என்றார் அவர். கண்ணைத் திறந்தபோது கொஞ்சம் தெளிந்திருந்தார். "உண்மையை எழுதறதுல என்ன தப்பு? நான் எப்பவும் அதைத்தானே சொல்றேன்."

பேனாவை எடுத்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மணிக்கு டேங்கரிலிருந்து பேனரை அவிழ்த்துத் திடலுக்கு அனுப்பினார்கள். காவலாளி நான்கு கொக்கிகளிலும் இருந்த தகடுகளைக் கழற்றி, ஒன்பது என்ற ஒற்றைத் தகட்டை எந்தக் கொக்கியில் மாட்டுவது என்று தெரியாமல் யாரிடமாவது கேட்கலாமா என்று நின்றுகொண்டிருந்தார்.

தமிழ்செல்வி ஆதிலட்சுமிக்குப் போன் செய்தாள்.

"கையெழுத்து ஆயிடுச்சும்மா. இன்னிக்கே அனுப்பறேன்."

"எந்த எடம்னு போட்டீங்க?" என்றாள் ஆதிலட்சுமி.

"ரெண்டாம் நம்பர் ஹாப்பர்."

"அப்ப சரி. வாழப்பழம் குடுத்த அம்மாகிட்ட இன்னா சொல்றதுன்னு இந்தாளு முழிக்கிறாரு. சொல்லிக்கட்டும்." போனை வைத்துவிட்டாள்.

தமிழ்செல்வி பழைய அறிக்கையை எடுத்துக் கடைசியாக ஒரு முறை படித்தாள். எல்லாம் அன்று எழுதியபடியே இருந்தது. தேதியை மாற்ற வேண்டியதில்லை, இடத்தை மாற்ற வேண்டியதில்லை, காலை மாற்ற வேண்டியதில்லை. அன்றைக்கு வேண்டியிராத ஒரு கட்டம் மட்டும் அடியில் காலியாக இருந்தது: 'அறிக்கை தாமதமாக அனுப்பப்படின் அதற்கான காரணம்.' பேனாவை மூடித் திறந்து கொஞ்சம் யோசித்துவிட்டு, அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'சம்பவ இடத்தைக் கண்டறிய ஒன்பது நாட்கள் தேவைப்பட்டன.'